பழைய வண்டிக்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ்?

பெட்ரோல் பங்க் ஓரமாகவோ ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலோ குடை விரித்து உட்கார்ந்திருக்கும் இன்சூரன்ஸ் ஏஜென்ட், பைக் பாலிசியைப் புதுப்பிக்க வருகிறவரிடம் முதலில் கேட்பது, "வண்டி எந்த வருஷம் சார்?" என்பதுதான். 2015 என்றோ 2017 என்றோ பதில் வந்தால் போதும், அடுத்து கேள்வி கிடையாது, தீர்ப்புதான். "அப்ப தேர்ட் பார்ட்டி போட்டுடலாம். பழைய வண்டிக்கு எதுக்கு ஃபுல்?"

ஏஜென்டை மட்டும் குறை சொல்ல முடியாது. சேமிப்பு, முதலீடு பற்றிப் பத்தி எழுதுகிறவர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காக எழுதுகிறார்கள். யூடியூபில் பேசுகிறவர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். வீட்டில் மச்சான் சொல்கிறார், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார். புது வண்டிக்கு ஃபுல் கவர். ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு தேர்ட் பார்ட்டி. வண்டியின் மதிப்பு குறையக் குறைய காப்பீட்டையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது ஏறக்குறைய பொதுஅறிவாகவே ஆகிவிட்டது.

இந்தப் பொதுஅறிவு தவறு என்பதே என் கட்சி. கொஞ்சம் கூடக்குறைய இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. கணக்குப் போடத் தொடங்கும் இடமே தவறு.

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைப் பார்த்துவிடுவோம். ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பொறுப்பு. இன்னொன்று, நம் வண்டிக்கு ஏற்படும் சேதம், தீ, திருட்டு, வெள்ளம் இவற்றுக்கான 'ஓன் டேமேஜ்'. இந்த இரண்டாவது பாகத்தில் வண்டி முழுதாகப் போனால் கிடைப்பது ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு. கம்பெனி விலையில் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20 என்று கழித்துக்கொண்டே போய், ஐந்தாவது வருட முடிவில் பாதியாக்கிவிடுவார்கள். அதற்கு மேல் போனால் கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்ளும் தொகைதான். ஆக, பத்து வருட ஸ்பிளெண்டருக்கு ஐ.டி.வி. 25,000 அல்லது 30,000 என்று நிற்கும். அதைக் காப்பாற்றுவதற்கு வருடாவருடம் பணம் கட்டுவதா, தொலைந்தால் தொலையட்டும் என்று விடுவதா என்று கேட்டால், விடலாம் என்பதே யாருக்கும் தோன்றும். பெயின்ட் உரசலையும் உடைந்த இண்டிகேட்டரையும் நம் தெரு மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார்.

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டி மட்டும்தான் இருக்கிறது. ஆளே இல்லை.

தமிழ்நாட்டில் பைக் என்பது ஒருவர் ஏறிப் போகும் பொருள் அல்ல. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட, மனைவியைப் பஸ் ஸ்டாண்டில் இறக்க, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக, ஷிப்ட் முடிந்து கூட வேலை செய்கிறவரை அவர் வீட்டு முனையில் விட என்று பாதி நாள் பின் இருக்கை காலியாக இருப்பதே இல்லை. இந்தப் பின் இருக்கைக்கும் இன்சூரன்ஸுக்கும் உள்ள உறவு, நாட்டில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமலே இருக்கிறது. ஏஜென்ட் சொல்வதில்லை. பத்தி எழுதுகிறவரும் சொல்வதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, தன் 146-ஆவது பிரிவில், மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. அந்தப் பாலிசி எதையெல்லாம் கட்டாயமாக உள்ளடக்க வேண்டும் என்று 147-ஆவது பிரிவு சொல்கிறது. சாலையில் நடந்து போகிறவர் அதில் வருகிறார். எதிரே வரும் சைக்கிள்காரர் வருகிறார். காசு கொடுத்துப் பஸ்ஸில் ஏறிய பயணி வருகிறார். நம் சொந்த பைக்கின் பின்னால் காசு கொடுக்காமல் உட்கார்ந்து வருகிறவர் வரமாட்டார். 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல. 2008-இல் சுதாகரன் வழக்கிலும் அதே முடிவுதான்.

அதே பின் இருக்கைக்கு, நாம் ஃபுல் என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் நிலைமையே வேறு. அதன் பொறுப்புப் பகுதியிலுள்ள வாசகத்தில், வாடகைக்கோ கூலிக்கோ அல்லாமல் வண்டியில் பயணிப்பவர்களும் அடங்குவார்கள். நீண்ட காலம் கம்பெனிகள் இதை நீதிமன்றத்தில் மறுத்துக்கொண்டிருந்தன. 2009 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டு, பேக்கேஜ் பாலிசியில் காரில் இருப்பவரும் பைக்கின் பின்னால் இருப்பவரும் உண்டு என்று உறுதி செய்தது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன பாலகிருஷ்ணன் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, குறைந்தபட்சப் பாலிசி வேறு, பேக்கேஜ் பாலிசி வேறு என்று கோடு போட்டது.

ஆகவே, தேர்ட் பார்ட்டியிலிருந்து ஃபுல்லுக்குப் போகும்போது நாம் வாங்குவது டேங்க் நசுங்கலுக்கான காசு மட்டுமல்ல. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிருக்கான பொறுப்பும் அதில் இருக்கிறது. வண்டி பழசானால் குறைவது முதலாவதுதான். இரண்டாவது ஏன் குறைய வேண்டும்? 2013 மாடல் பைக்கிலிருந்து விழுந்தவருக்குத் தலையில் பாதி அடியா படும்?

விலையைப் பார்ப்போம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஓராண்டு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366. அதற்கும் மேல் 2,804. இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், அரசு நிர்ணயிப்பது. ஓன் டேமேஜ் கட்டணம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கட்டண நிர்ணயம் நீக்கப்பட்ட 2007-க்கு முன்பிருந்த அட்டவணையில் 150 சி.சி.க்குட்பட்ட பைக்குக்கு அது ஐ.டி.வி.யில் 1.7 முதல் 1.8 சதவீதம். இன்றும் கம்பெனிகள் அதை அடிப்படையாக வைத்துத் தள்ளுபடி கொடுப்பதுண்டு. 30,000 ரூபாய் மதிப்புள்ள பழைய வண்டிக்கு 1.8 சதவீதம் என்றால் 540 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 640-க்குள். கிளைம் கேட்காத வருடங்களுக்கான நோ கிளைம் போனஸ் இருந்தால் அதிலும் 20 முதல் 50 சதவீதம் கழியும். வண்டி பழசாக ஆக இந்தத் தொகை குறைந்துகொண்டே வரும் என்பதைக் கவனியுங்கள். பழைய வண்டிக்கு ஃபுல் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை. பின் இருக்கைப் பொறுப்பு மிக மலிவாகக் கிடைப்பதே பழைய வண்டிக்குத்தான்.

இந்த 540 ரூபாய்க்கு எதிரே என்ன இருக்கிறது? மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்கள் இழப்பீட்டைக் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. 2009-இன் சரளா வர்மா தீர்ப்பும் 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பும் வாய்ப்பாடே கொடுத்திருக்கின்றன. கூட வேலை செய்யும் 30 வயதுக்காரரை ஒருவர் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவருக்கு மாதம் 15,000 ரூபாய் நிலையான சம்பளம், நிரந்தர வேலை இல்லை. வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. ஓட்டியவரின் தவறால் வண்டி சறுக்கி, பின்னால் இருந்தவர் இறந்துவிடுகிறார். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,89,000. முப்பது வயதுக்குப் பெருக்கும் எண் 17. ஆக 32,13,000 ரூபாய். ஈமச்சடங்கு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர் இந்த 32 லட்சத்தையும் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்து, நிறைவேற்று மனு போட்டு, சம்பளத்தையோ வீட்டையோ ஜப்தி செய்கிற அளவுக்கு அது போகலாம். லிஃப்ட் கொடுத்ததற்கு.

பின்னால் இருந்தது மனைவி என்றால் நிலைமை இன்னும் விபரீதம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், சம்பளம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்பதைக் கீர்த்தி வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகவே எழுதியது. ஒரு பேச்சுக்கு மாதம் 10,000, வயது 33 என்று வைத்து அதே வாய்ப்பாட்டைப் போட்டால், மூன்றில் ஒரு பங்கைக் கழித்த பிறகும் 17,92,000 வருகிறது. பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணம். பேக்கேஜ் பாலிசி இருந்தால் அதைக் கம்பெனியிடம் கேட்கலாம். இல்லாவிட்டால் பிள்ளைகள் யாரிடம் கேட்பது? தங்களுக்குச் சோறு போடும் அப்பாவிடம்தான். கேட்டும் பயனில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். "புருஷன் ஓட்டினான், பெண்டாட்டி செத்தாள், இதில் யார் யார் மேல் கேஸ் போடுவது? போலீஸில் போய், என் மகன் தவறாக ஓட்டினான் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?" உண்மையான சிக்கல்தான், மழுப்ப வேண்டியதில்லை. 166-ஆவது பிரிவில் முழு இழப்பீடு கேட்க ஓட்டியவரின் அஜாக்கிரதையைக் காட்ட வேண்டும். நம் குடும்பங்களில் விபத்து நடந்த இரவே, நாய் குறுக்கே வந்தது என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. ஆனால் பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு: திருத்தப்பட்ட சட்டத்தின் 164-ஆவது பிரிவு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இதன்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். குறைவான தொகைதான், ஆனால் மகனையோ கணவனையோ குற்றவாளியாக்கத் தேவையில்லை. அதையும் கம்பெனி கொடுக்க வேண்டுமானால், பின்னால் இருந்தவர் பாலிசிக்குள் வர வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

இன்னொரு பயமுறுத்தலும் உண்டு. மூன்று பேர் போனால் இன்சூரன்ஸே கிடையாது என்பார்கள். மூன்று பேர் போவது சட்டப்படி குற்றம், போகக் கூடாது. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே இழப்பீட்டைக் குறைக்க முடியாது, மூன்றாவது ஆள் இருந்ததற்கும் விபத்துக்கும் தொடர்பிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது.

சரி, ஓட்டுகிறவருக்கு?

தன் தவறால் தானே விழுந்தவர் தனக்குத் தானே மூன்றாம் நபர் ஆக முடியாது. எனவே தேர்ட் பார்ட்டியில் அவருக்குக் காலணா கிடையாது. ஃபுல்லிலும் பொறுப்புப் பகுதியில் கிடையாது. அவருக்கென்று இருப்பது ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு, சுருக்கமாக சி.பி.ஏ. ஒரு காலத்தில் இது இரண்டு சக்கர வண்டிக்கு வெறும் 1 லட்சமாக இருந்தது. இந்தக் காலத்தில் ஒரு லட்சம் எதற்குக் காணும் என்று 2017-இல் சென்னை உயர்நீதிமன்றம் கேட்டு, 15 லட்சமாக்கச் சொன்னது. 2018 செப்டம்பரில் ஆணையம் அப்படியே ஆணையிட்டது. அப்போது அதற்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 750 ரூபாய். பின்னர் அதைத் தனியாகவும் வாங்கலாம் என்று தளர்த்திவிட்டார்கள்.

தளர்த்திய இடத்தில் ஓட்டை விழுந்தது. ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு வைத்திருப்பவருக்குச் சி.பி.ஏ. தேவையில்லை என்று விலக்கு உண்டு. ஆன்லைனில் பாலிசி போடும்போது அந்த விலக்கு ஒரு சின்னப் பெட்டியாக வருகிறது. டிக் அடித்தால் தொகை சில நூறு ரூபாய் குறைகிறது. குறைகிறதே என்று டிக் அடிக்கிறவர்களில் எத்தனை பேர் கையில் அந்த இன்னொரு பாலிசி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏஜென்டும் நம்மைக் கேட்காமலே அடித்துவிடுவார். அவருக்கு எதிர்க்குடைக்காரரைவிட ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. போலீஸ் கேட்டால் காட்டத்தானே என்று வாங்குகிறவரும், காட்டத்தானே என்று விற்கிறவரும் சேர்ந்து, குடும்பத்துக்குப் போக வேண்டிய 15 லட்சத்தைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000, மறுமுறை 4,000, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இந்த 2,000-த்துக்குப் பயந்து வாங்கும் காகிதமாகவே பாலிசியைப் பார்ப்பதால்தான் இருப்பதிலேயே மலிவானது எது என்ற ஒரே கேள்வி மிஞ்சுகிறது. அதையும் வாங்காதவர்கள் அதிகம். நாட்டின் வாகனங்களில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாமல் ஓடுவது நாடாளுமன்ற நிலைக்குழு வரை பேசப்பட்ட விஷயம்.

சி.பி.ஏ. பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரிழப்பு பலருக்கு இதில்தான். அதற்கு மூன்று நிபந்தனைகள். ஓட்டியவரே ஆர்.சி.யில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும். பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும். செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். அப்பா பெயரில் ஆர்.சி., ஓட்டுவது மகன். மனைவி பெயரில் ஸ்கூட்டி, ஓட்டுவது கணவன். சொந்தக்காரரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே நாலு வருடமாக ஓட்டும் பழைய வண்டி. இந்த வீடுகளில் பாலிசியில் 15 லட்சம் என்று அச்சடித்திருக்கும், நம்பிக்கையும் இருக்கும். ஓட்டி விழுகிறவருக்கு அதில் உரிமை இராது. பெயர் மாற்றாமல் விட்டால் விற்றவருக்கும் வம்புதான். விபத்தன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, எப்போதோ விற்ற வண்டிக்காக இழப்பீட்டு வழக்கில் நிற்க நேரலாம். எந்த லெவல் கவர் எடுப்பது என்ற யோசனைக்கு முன்னால் தீர்க்க வேண்டியது இது. ஆர்.சி.யை ஓட்டுகிறவர் பெயருக்கு மாற்றுவதால் வரும் பாதுகாப்பு, எந்த ஆட்-ஆனிலும் வராது.

வண்டியின் மதிப்பை வைத்துக் கவரை முடிவு செய்யும் இந்தப் புத்தி, எதிர்த்திசையிலும் தவறு செய்யவைக்கிறது. ஷோரூமில் புது வண்டி எடுக்கிறவரைப் பாருங்கள். இரண்டு லட்ச ரூபாய் வண்டி, கீறல் விழக் கூடாது. ஜீரோ டெப், என்ஜின் பாதுகாப்பு, ரோடு சைடு உதவி, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். ஜீரோ டெப்பை நான் கேலி செய்யவில்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். இன்றைய வண்டியில் பாதி பிளாஸ்டிக்தான். 2023 டிசம்பரில் சென்னையிலும், அடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வண்டிகள் நீரில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் என்ஜின் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே மனிதர், அதே மேசையில், அதே பத்து நிமிடத்தில் சி.பி.ஏ.யை ஓராண்டுக்கு மட்டும் போட்டுக்கொண்டு எழுந்து வருகிறார். மறுவருடம் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

இந்த மறுவருடம்தான் பொறி. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். உடைந்த எலும்புகளைத் தினமும் பார்த்தவர். அந்த வழக்கில்தான், முதல் வருடத்துக்குப் பிறகு பைக்குகள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுவதைத் தடுக்க, 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டியை ஒரே தவணையில் வாங்கியாக வேண்டும் என்று ஆனது. நல்ல காரியம். ஆனால் அதிலிருந்து மக்கள் எடுத்துக்கொண்டது, "நம்ம வண்டிக்கு அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்பதை. ஐந்து வருடம் இருப்பது தேர்ட் பார்ட்டி. ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஓராண்டு. சி.பி.ஏ.யும் பல பாலிசிகளில் ஓராண்டு. இரண்டாம் வருடத்திலிருந்து தனியாக ஓன் டேமேஜ் பாலிசி வாங்கலாம். அது வண்டிச் சேதத்துக்கு மட்டும். பின் இருக்கைக்கு அதில் இடமில்லை. எனவே புது வண்டிக்காரர்கள் கையிலுள்ள ஐந்தாண்டு பாலிசியை எடுத்து, பொறுப்புப் பகுதியில் வண்டியில் பயணிப்பவரும் சேர்த்தி என்று எழுதியிருக்கிறதா, அது எந்தத் தேதி வரை என்று கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாய்ப் பேச்சு தீர்ப்பாயத்தில் நிற்காது.

பின்னால் உட்காருகிறவருக்கென்று பில்லியன் கவர் என ஒரு ஆட்-ஆன் உண்டு, அதைப் போட்டுவிட்டேன் என்பார் சிலர். அது வேறு. பழைய அட்டவணைப்படி இருசக்கர வண்டியில் அதன் உச்சவரம்பே 1 லட்சம். 32 லட்சம் என்ற கணக்குக்கு முன்னால் அதை எங்கே வைப்பது?

அரசாங்கமே பார்த்துக்கொள்கிறதே என்பது அடுத்த வாதம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசும் 2025 மே மாதம் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சத்துக்குப் பணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. இரண்டும் உயிர் காக்கிற திட்டங்கள், பாராட்ட வேண்டியவை. ஆனால் அவை மருத்துவமனைப் படியோடு நின்றுவிடும். எட்டாவது நாளின் பிசியோதெரபிக்கும், ஒரு காலை இழந்தவர் அடுத்த முப்பது வருடம் இழக்கப்போகும் கூலிக்கும் அவற்றில் வழியில்லை. சி.பி.ஏ.யில் ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் காப்பீட்டுத் தொகையில் பாதி. இரண்டு போனால், முழு ஊனம் ஆனால், முழுத்தொகை. மெடிக்கல் பில் அதில் கிடையாது. ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

"கம்பெனிக்காரன் எப்படியும் கொடுக்க மாட்டான், எதற்கு வீணாகக் கட்டுவது?" இந்தக் கசப்பு புரிகிறது. டேங்க் நசுங்கலுக்குப் போட்ட கிளைமில் பாதியைக் கழித்துக்கொண்டு கொடுத்த அனுபவம் பலருக்கு இருக்கும். ஆனால் அது சர்வேயரோடு நடக்கும் பேரம். பொறுப்புப் பகுதியில் தொகையை முடிவு செய்வது தீர்ப்பாயம். கம்பெனி மறுத்தால் அதற்கான காரணத்தை அங்கே நிரூபிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் விஷயத்தில்கூட, பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிகளுக்கு நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. இதில் உரிமையாளர் தப்பிக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். லைசென்ஸ் எடுக்காத மகனிடம் சாவியைக் கொடுத்தால் எந்தக் கவரும் அப்பாவைக் காப்பாற்றாது. மகன் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 25,000 அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் சேர்ந்து வரும்.

ஃபுல் எடுத்தும் வெளியே நிற்கிறவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். சொந்த உபயோகம் என்று பதிவான பைக்கில் சாப்பாடு, பார்சல் கொண்டுபோகிறவர்களும் ஆள் ஏற்றுகிறவர்களும். சாதாரணப் பாலிசியின் உபயோக வரம்பில் வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதும், சொந்தச் சாமான் தவிர்த்த சரக்கை ஏற்றுவதும் விலக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் காசு கொடுத்து உட்கார்ந்தவருக்கு மேலே சொன்ன பின் இருக்கைப் பாதுகாப்பும் கிடையாது. எந்தக் கவர் எடுப்பது என்று அவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, அவர்களை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே முறை.

இதற்கெல்லாம் மூலகாரணம் சட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முகம் தெரியாத பாதசாரிக்குக் கட்டாயமாகக் காப்பீடு கேட்கும் சட்டம், பின்னால் உட்கார்ந்த மனைவியை வாங்குகிறவர் இஷ்டத்துக்கு விட்டது ஏன்? 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 75,000 பேர் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, இறந்தவர்கள் 17,884. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் 2021 ஆகஸ்டில், புது வண்டி எதுவானாலும் ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லாரையும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு முழுக் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவு போட்டார். விற்பனை நின்றுவிடும் என்று வாகன உற்பத்தியாளர்களும் கம்பெனிகளும் பதறின. செப்டம்பரிலேயே அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நடைமுறையில் அந்த உத்தரவு நிற்காது என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாரங்களில் பேசப்பட்டதெல்லாம் வண்டிச் சேதத்தைப் பற்றியும் வண்டி விலையைப் பற்றியும்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி, உத்தரவோடு சேர்ந்து காணாமல் போனது. பின் இருக்கையைக் கட்டாயப் பாலிசிக்குள் கொண்டுவர ஒரு சட்டத் திருத்தம் போதும். ஓன் டேமேஜைக் கட்டாயமாக்கத் தேவையே இல்லை. 714 சில பத்து ரூபாய்கள் கூடினால் கூடட்டும்.

அதுவரை தேர்ட் பார்ட்டி மட்டும் யாருக்குப் போதும்? தனியாக மட்டுமே ஓட்டுகிறவர், யாருக்கும் லிஃப்ட் கொடுக்காதவர், வண்டி தொலைந்தால் வேறு வாங்கக் கையில் காசு உள்ளவர், ஆர்.சி. தன் பெயரில், லைசென்ஸ் நடப்பில் வைத்திருப்பவர். தன்னை நம்பி இருப்பவர்களுக்குத் தகுந்த டேர்ம் பாலிசி எடுத்திருப்பவர். இத்தனையும் பொருந்தினால் தாராளமாகத் தேர்ட் பார்ட்டி போட்டுக்கொள்ளலாம், நான் குறுக்கே நிற்கவில்லை. அவருக்கும் சி.பி.ஏ. வேண்டாம் என்ற பெட்டியில் டிக் அடிக்கும் உரிமை, 15 லட்சத்துக்கு வேறு விபத்துக் காப்பீடு நடப்பில் இருந்தால் மட்டுமே உண்டு. வண்டி எந்த வருஷத்து மாடல் என்பது இந்தப் பட்டியலில் எங்கேயும் வரவில்லை.